பஸ்ஸில் நடந்தது நடந்ததுதான்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று மாலை, மின்விசிறி ஓடாத நம் பதிப்பகத்துக் கூட்ட அறையில், வருங்காலம் திரும்பிப் பார்க்கப்போகும் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. கட்டைவிரல் நகத்தளவு மஞ்சள் நட்சத்திரம் ஒன்று இனிமேல் உங்கள் ‘பதினேழாம் நம்பர் பஸ்’ அட்டையில், இடது மேல் மூலையில் அச்சாகும். இதற்கு நான்கு பேர் ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். இரண்டு சண்டை, ஒரு வெளிநடப்பு. வெளிநடப்புச் செய்தவர், தான் கழிப்பறைக்குத்தான் போனதாகப் பிறகு விளக்கம் தந்தார்.

நம்முடைய ஒன்பது படக்கதைத் தொடர்களும் ஒரே நகரத்தில் நடக்கின்றன. ஒன்றில் வருகிறவர் இன்னொன்றில் எட்டிப் பார்ப்பார். அந்த நகரத்துக்குத் தலைமைத் தொடர் எது என்பதுதான் கேள்வி.

“துப்பறியும் நாய்தான் சார். அமோகமா விக்குது” என்றார் விற்பனைக்காரர். (அமோகம் என்றே அவரைக் கூப்பிடுகிறோம். அவருக்கும் தெரியும்.)

“இருந்தாலும், அமோகமா விக்குறது தலைவலி மாத்திரைதான். அதை யாரும் தலைமைன்னு சொல்றதில்ல” என்றார் ஆசிரியர்.

“மூத்தது எது?” என்றார் முதலாளி.

“மின்னல் தையல்காரர்.”

“அதை யார் படிக்கிறாங்க?”

“வரையறவரே படிக்கிறதில்ல சார்.”

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே: போன மாதம் இடது கன்னத்தில் இருந்த தழும்பு இந்த மாதம் வலது கன்னத்துக்குக் குடிபோகாமல் பார்ப்பது. நான் சொன்னேன்: “மின்னல் தையல்காரர் மூணு தடவை செத்திருக்கார். புயல் சகோதரிகள்ல பெரியவ ரெண்டு தடவை. திரும்பி வந்தப்ப ஒருத்தரும் கேக்கல. ஆனா பஸ்ல ஒரு டீச்சர் குடையை மறந்துட்டு இறங்கினா, அடுத்த மாசம் ஒன்பது தொடர்லயும் அவங்க நனையணும். இல்லன்னா வாசகர் விடமாட்டார். பஸ்ல நடந்தது நடந்ததுதான்.”

முதலாளி மேசையைத் தட்டினார். “அப்ப அதுதான் தலைமை.”

நகரத்து நாயகர்கள் எல்லோரும் வேலை முடிந்து, அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பஸ். வில்லனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வாயைப் பொத்தி உட்காருகிற பஸ். அதன் கண்டக்டருக்கு ஒரு சக்தியும் கிடையாது. யார் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். இந்தத் தொடரைத் தொடங்கி வரைந்த உங்கள் அண்ணன் அவருக்குத் தன் முகத்தையே கொடுத்துவிட்டுப் போனார். இருந்திருந்தால், “நட்சத்திரமா? தாளைச் சேத்துப் பின் குத்தற இடம் அது” என்றிருப்பார். அவர் போய் இது மூன்றாவது வருஷம்.

இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உங்கள் உடம்பும், தங்கச்சி உடம்பும் எப்படி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணி

ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு என்ன தைலம் போடுகிறீர்கள் என்று இவள் கேட்கிறாள். நீங்கள் எதைச் சொன்னாலும் அது சரியில்லை என்று சொல்லத் தயாராக இருக்கிறாள்.

நட்சத்திரச் செய்தி கிடைத்தது. மாதிரி அட்டையை இவளிடம் காட்டினேன். “கண்டக்டர் தலைக்கு மேல ஈ உக்காந்த மாதிரி இருக்கு” என்றாள். தலைமைத் தொடர் வரைகிறவனுக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை இது.

எனக்கு ஒரு சந்தேகம். தலைமைத் தொடருக்கு என்ன தனிக் கடமை? இத்தனை நாள் ஏழு பேரை ஏற்றி எட்டுப் பேரை இறக்கினாலும் நீங்கள் ஒருவர்தான் பிடித்தீர்கள். இனிமேல் ஊரே பிடிக்குமா?

மே இதழ்ப் பக்கங்களை அட்டைக் குழலில் போட்டு அனுப்புகிறேன். கொஞ்சம் தாமதமாகும். குளிர்.

உங்கள் அன்புத் தம்பி

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

பக்கங்கள் நலமாக வந்து சேர்ந்தன, நானும் அப்படியே. தைலத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், தங்கச்சி ஏமாறட்டும்.

தபால்காரர் குழலை நீட்டுவார். கையெழுத்துப் போட்டு வாங்குவேன். மூடியைத் திறந்தால் சுருண்ட தாளிலிருந்து முதலில் தொப்பி, அப்புறம் நெற்றி, அப்புறம் அவர். மூன்று வருஷமாக என் கணவர் மாதம் ஒருமுறை தபாலில் வருகிறார். பக்கத்து மேசைப் பெண், “அக்கா, சார் வந்துட்டாரா?” என்றே கேட்கிறாள். வந்துவிட்டார் என்கிறேன். இருவரும் இதைச் சிரிக்காமல்தான் பேசிக்கொள்கிறோம்.

இறந்தவர்களுக்கு நரைக்காது என்று நினைத்திருந்தேன். இவருக்கு வருஷா வருஷம் கூடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. கூடவே நரைக்கிற ஒருத்திக்கு அது துணைதான்.

ஆனால் முரண் முரண்தான். ஆறாம் பக்கத்தில் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நிற்கிறது; அக்டோபர் இதழில் ஒட்டி நின்றது. ஒன்பதாம் பக்கத்தில் கன்னத்தில் குழி. கண்டக்டர் பட்டினி கிடப்பதாகக் கதையில் எங்கும் வரவில்லை. திருத்தி அனுப்பவும்.

தலைமைத் தொடரின் கடமை என்ன என்று அமோகத்திடம் கேட்டேன். “பெருசா எதாவது நடக்கணும்மா” என்றார். என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் தெரியுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதம். மன்னிக்கவும். இங்கே நலம்.

காலரைத் திருத்திவிட்டேன், அதாவது ஒரு மஃப்ளரைச் சுற்றிவிட்டேன். கன்னம் கொஞ்சம் கஷ்டம். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

அண்ணனின் போட்டோவைப் பார்த்து வரைந்தால் பாஸ்போர்ட் எடுக்க வந்தவர் மாதிரி விறைத்து நிற்கிறார். முதல் மாதமே விட்டுவிட்டேன். மேசைக்கு எதிரே இவளுடைய கண்ணாடியை மாட்டி, என் முகத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன். அண்ணனையும் என்னையும் சின்ன வயதில் அம்மாவே மாற்றிக் கூப்பிடுவாள். மூக்கை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொள்வேன். நரை அப்படி வந்ததுதான். அது அண்ணனுடையது அல்ல, அடியேனுடையது.

இவள் சொல்கிறாள்: “உங்க அண்ணன் தெனமும் என் கண்ணாடியிலதான் இருக்கார். நான் தலைவாரப் போனா அவரை நகரச் சொல்லணும்.”

மழை பிடித்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

உங்கள் அன்புத் தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று வேறு வேலை பார்க்கவில்லை. போன வருஷத்திலிருந்து வந்த பக்கங்களை எடுத்து மேசை முழுவதும் பரப்பினேன். செப்டம்பரில் கன்னம் இருக்கிறது. நவம்பரில் குறைகிறது. ஜனவரியில் கண்ணுக்குக் கீழே நீங்கள் போட்ட நிழலை, பஸ் விளக்கின் நிழல் என்று எழுதி நானே பாஸ் செய்திருக்கிறேன்.

இத்தனை மாதமாக என் கணவர் இளைக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஃப்ளர் வேண்டாம். பஸ்ஸில் இப்போது கோடைக்காலம். கண்டக்டரை ஒரு டாக்டரிடம் காட்டினீர்களா? இல்லையென்றால் காட்டுங்கள். நான் கிளம்பி வரட்டுமா? இரண்டு நாள் ரயில்தானே.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் கூடியது.

“தலைமைத் தொடர்னா ஒரு சாவு விழணும் சார். விழுந்தா எழுந்திருக்கக் கூடாது. மத்த தொடர்ல விழுந்தா யார் நம்பறா?” என்றார் அமோகம்.

“நாய் செத்தா ஊரே அழும்” என்றார் ஆசிரியர்.

“நாய் சாகாது” என்றார் முதலாளி. அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

“இருந்தாலும், பஸ்ல யார் இருக்காங்க? டிரைவர். அவர் செத்தா பஸ் நின்னுடும். அப்ப கண்டக்டர்” என்றார் ஆசிரியரே.

நான் கூடாது என்றேன். காரணம் கேட்டார்கள். கதைக்குப் பொருந்தாது என்றேன். முதலாளி ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “நீங்கதானேம்மா சொன்னீங்க, பஸ்ல நடந்தது நடந்ததுதான்னு. அதுக்குத்தானே நட்சத்திரமே கொடுத்தோம்.”

ஆகஸ்ட் இதழ். கடைசிப் பக்கம். உங்களை வரையச் சொல்லிக் கடிதம் வரும். மறுத்துவிடுங்கள்.

அண்ணி

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

இவள் நலம். முழங்கால் எப்படி இருக்கிறது?

பதிப்பகத்துக் கடிதம் வந்தது. வரைகிறேன் என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மாட்டேன் என்றால் வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். கண்டக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அரைப் பக்கத்துக்கு வசனம் பேசிச் சாவார். அண்ணன் அப்படிப் போகவில்லை. பேனாவைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். எப்படிப் போவது என்று தெரிந்த குடும்பம் நாம். அதைக் கண்டவர்கள் கையில் கொடுப்பானேன்?

டாக்டரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கண்டக்டர் போய்வந்தார். நல்ல மனிதர் அந்த டாக்டர். மேசையில் அழகான பேனா வைத்திருக்கிறார். அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, அதிகம் பேசவில்லை.

நீங்கள் வர வேண்டாம். நீங்கள் வந்துவிட்டால் அங்கே யார் முரண் பார்ப்பது? தையல்காரர் நான்காவது தடவை செத்துத் தொலைப்பார். மழை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிப் பக்கம் வந்தது. இந்தத் தடவை மூடியைத் திறக்காமல் அரை நாள் மேசையில் நிறுத்திவைத்திருந்தேன். பக்கத்து மேசைப் பெண் ஒன்றும் கேட்கவில்லை.

பார்த்தேன். கடைசி இருக்கை. கண்ணாடி ஜன்னலில் தலை. கண் மூடியிருக்கிறது. மற்ற எல்லோரும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து, அவர் தூங்குகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் இறங்கிப் போகிறார்கள். அவர் யாருக்கும் நிறுத்தத்தைச் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை வசனம் இல்லை.

நன்றாக இருக்கிறது. ஆனால் ஏற்க முடியாது. தோல்பையின் கொக்கி இடது பக்கம் இருக்கிறது. வலது பக்கம் இருக்க வேண்டும். திருத்தி அனுப்பவும். ஒரு அவசரமும் இல்லை.

நட்சத்திரத்தை நாய்க்கே கொடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். நாய்த் தொடரில் யார் செத்தாலும் மறுமாதம் எழுந்து வரலாமே. “அட்டை அச்சாகிடுச்சும்மா” என்றார். இந்தப் பதிப்பகத்தில் அச்சானதற்கு மேல்முறையீடு கிடையாது.

அங்கே மழை முடிந்ததா?

அண்ணி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

திருத்திய பக்கம் வந்தது. கூடவே கடிதம் இல்லை. குழலைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன்.

கொக்கி இப்போது வலது பக்கம் இருக்கிறது. சரி. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது. பஸ் முன்னால் போகும்போது கண்ணாடியில் துளிகள் பின்பக்கமாகச் சாய்ந்து ஓட வேண்டும். நீங்கள் நேராக விட்டிருக்கிறீர்கள். ஓடுகிற பஸ்ஸுக்கு இது முரண். எல்லாத் துளிகளையும் சாய்க்கவும்.

அது முடிந்தால் இருக்கையின் கிழிசல் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த தடவை எழுதுகிறேன். அதற்கடுத்து பொத்தான்கள்.

ஆசிரியர் வந்து நின்றார். “இருந்தாலும், இவ்வளவு பார்க்கணுமா?” என்றார். தலைமைத் தொடர் அல்லவா என்றேன். நான் கையெழுத்துப் போடாத பக்கம் அச்சுக்குப் போகாது. அச்சாகாதது நடக்கவில்லை. பஸ்ஸில் நடக்காதது எங்கேயும் நடக்கவில்லை. இந்த விதியை வகுத்தது நான் அல்ல என்று சொல்லலாம் என்று பார்த்தால், நான்தான்.

நிதானமாகத் திருத்துங்கள். எத்தனை மாதம் ஆனாலும் சரி. நான் காத்திருக்கிறேன்.

அண்ணி

ஜூன் 27

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. கோபித்துக்கொண்டாலும் சரி.

நீங்கள் திருப்பி அனுப்பிய பக்கம் போன வாரம் வந்தது. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, ஏப்ரலிலிருந்து அவர் படுக்கையில்தான் இருக்கிறார். டாக்டர் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணியிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார். அதை இந்தக் கடிதத்தோடு உடைத்துவிட்டேன்.

கொக்கியை மாற்ற எழுந்து உட்கார்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொண்டேன். ஒரு கொக்கிக்கு ஒரு காலைப்பொழுது. அன்றைக்கு முழுவதும் வலி. “கொக்கி எப்பவும் இடது பக்கம்தானேங்க, எனக்கே தெரியுமே”ன்னேன். “அண்ணி சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்”னார்.

இப்போது மழைத்துளி. அக்கா, அந்த ஜன்னல் முழுக்கத் துளி. ஒவ்வொன்றாக வெள்ளை பூசி, காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகச் சாய்க்கிறார். பாதி ஜன்னல்தான் ஆகியிருக்கிறது. நாலு துளிக்கு ஒருமுறை தூரிகையை வைத்துவிட்டு, மறுபடி எடுக்கிறார். “படுங்க”ன்னா, “அண்ணி காத்துக்கிட்டிருக்காங்க”ங்கறார். இதற்கப்புறம் கிழிசல், அதற்கப்புறம் பொத்தான் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் நீங்கள் பார்ப்பது பக்கத்தை. நான் பார்ப்பது முதுகை.

உங்கள் விதியெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை இருக்கிறபடியே இதோடு அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். அவர் படுக்கட்டும்.

தங்கச்சி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

பக்கம் இன்று வந்து சேர்ந்தது. ஜன்னலில் பாதித் துளிகள் சாய்ந்தும் பாதி நேராகவும் இருக்கின்றன. பஸ் நிற்கப்போகிற சமயம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்கும்.

கொக்கி இடது பக்கம்தான். நானே மாற்றிக்கொள்கிறேன்.

கிழிசல் சரி. பொத்தான்கள் சரி. முரண் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

உங்கள் தரப்பில் இனி வேலை ஒன்றும் பாக்கி இல்லை. பேனாவைக் கழுவி வைக்கச் சொல்லித் தங்கச்சியிடம் கொடுங்கள். படுத்துக்கொள்ளுங்கள், தம்பி.

நாளை காலை ரயிலில் கிளம்புகிறேன். வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கடிதம் எனக்குக் கிடைக்காது.

உங்கள் அண்ணி

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். முழங்காலோடு இரண்டு நாள் உட்கார்ந்து போனது எப்படி இருந்ததோ.

நீங்கள் இங்கே இருந்தபோது வந்தவர் போனவர் நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் நீங்கள் வருவதற்கு முந்தின நாள்தான் வந்தது. படித்துக் காட்டினேன். முதலில் நம்பவில்லை. “பொத்தானுமா சரியாம்?”னு கேட்டார். சரியாம்னேன். “அப்பாடா, அண்ணி பாஸ் போட்டுட்டாங்க”ன்னு சொல்லித் திரும்பிப் படுத்தார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நல்ல தூக்கம். மறுநாள் நீங்கள் வந்து பார்த்ததும் அந்தத் தூக்கம்தான். அதிலிருந்து எழுந்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தில் நான் கோபமாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் சத்தமே இல்லை. தலைவாரப் போனால் யாரையும் நகரச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாருவதில்லை.

வேலைக்குப் போகிறீர்களா? நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கச்சி

ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். வேலைக்குப் போகிறேன். நீ தலை வார வேண்டும்.

பஸ் இதழ் முதல் தேதி வெளியானது. அமோகம் தன் சொல்லை இந்தத் தடவை சொல்லவில்லை. எல்லாப் பிரதியும் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வாசகர் கடிதங்கள் நிறைய வருகின்றன. பாதித் துளிகள் ஏன் நேராக விழுகின்றன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கண்டக்டர் இறந்துவிட்டதால், செப்டம்பருக்காக முன்கூட்டியே வரைந்து வைத்திருந்த மற்ற எட்டுத் தொடர்களிலும் அவர் இருக்கக் கூடாது. அந்த வேலை எனக்கு வந்தது. இந்த வாரம் முழுவதும் வெள்ளை மைப் புட்டியும் மெல்லிய தூரிகையுமாக உட்கார்ந்திருக்கிறேன். தையல்காரர் தொடரில் அவர் தூரத்தில்தான் நின்றார். அங்கே ஒரு விளக்குக் கம்பம் வந்துவிட்டது. புயல் சகோதரிகளில் முதுகு மட்டும் தெரிந்தது, சுவராக்கிவிட்டேன்.

நாய்த் தொடரில் அவர் குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவரை எடுத்துவிட்டேன், கையையும் எடுத்துவிட்டேன். நாயைத் திரும்ப வரைய நேரமில்லை என்றார்கள். அது கண்ணை மூடி, தலையைத் தூக்கிக் கொடுத்தபடியே அச்சுக்குப் போயிருக்கிறது.

அக்கா